மூன்றாவது வெடி யாருடையது

செம்மேடு, கொல்லிமலை.
ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நண்பன் சுதாகருக்கு,

நாகலட்சுமி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமா என்று உன்னைக் கேட்டால் அதைப் போல அபத்தம் வேறு இல்லை. அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

உறை மேல் என் பெயரைப் பார்த்ததுமே நீ பல்லைக் கடிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு மாரியை உன் வண்டியில் தூக்கிப் போடும்போதே, "நாகு, நீ இங்க வரவே இல்ல. எழுதாத, வந்து பாக்காத, வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாய். இருபத்தேழு நாள் அப்படியே இருந்தேன். என் வாழ்க்கையில் யார் பேச்சையும் நான் இத்தனை நாள் கேட்டதில்லை. நீ சிறையில் இருக்கிறாய், நான் கடையில் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் இப்படி ஆனது என்று நாலே பேருக்குத்தான் தெரியும். நீ, நான், மாரி, என் அப்பா.

அங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று உன் அம்மா சொன்னார். அதனால் முதலில் படத்தைப் பற்றியே எழுதுகிறேன். படிக்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

போனில் நம் சினிமாக் குழு இன்னும் நடக்கிறது. 'ஒன்பதாவது வளையம்' இரண்டாம் பாகம் இப்போது போனிலேயே வந்துவிட்டது. நாம் ஐந்து பேரும் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போய்ப் பார்த்ததை இவர்கள் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் நாம் போட்ட சண்டையும், மாரி ஜன்னல் பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டே தன் கட்சியை விடாமல் பேசியதும் இவர்களுக்கு எங்கே தெரியும்? ஆனால் சண்டை அதே சண்டைதான். விண்கப்பல் தலைவி ஈராவின் இடிக்குழல் துப்பாக்கி எப்படி ஒரே மூச்சில் மூன்று முறை வெடித்தது? முதல் பாகத்தில் இரண்டு சட்டம் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு வெடி வெடித்தால் நூறு எண்ணும்வரை அதை ஆறவிட வேண்டும். இன்னொன்று, உடையவர் கைக்குத்தான் அது வெடிக்கும், வேறு யார் எடுத்தாலும் வெறும் இரும்பு. இரண்டாம் பாகத்தில் இரண்டையும் காற்றில் விட்டுவிட்டார்கள்.

நீ போன பிறகு அர்த்தனாரி ஒன்றைக் கண்டுபிடித்தான். உரக்கடையில் மூட்டை எண்ணும் அதே பொறுமையோடு, அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறான். மூன்றாவது வெடி வெடிக்கும்போது கப்பல் கண்ணாடியில் ஒரு கை தெரிகிறதாம். சட்டைக் கை கிழிந்த கை. முந்தின காட்சியில் கிழிந்தது ஈராவின் சட்டை, ஓட்டுநர் தாவோவின் சட்டை அல்ல. அப்படியென்றால் மூன்றாவது வெடி ஈரா வெடித்தது. அந்த வெடிக்காக நடந்த சபை விசாரணையில் "நான்தான்" என்று தாவோ ஒப்புக்கொண்டது பொய். அவனைப் பனிக்கிரகத்துச் சுரங்கத்தில் தள்ளும்போது ஈரா வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

குழுவில் தீப்பிடித்துவிட்டது. ஈரா கோழை, துரோகி என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். நான் விடவில்லை. அவள் மாட்டிக்கொண்டால் கப்பலை யார் வளையத்துக்குக் கொண்டுபோவது, உள்ளே இருக்கும் முந்நூறு உயிர் என்னாவது, தாவோ தானாக மனசு வைத்துச் செய்தது, அதை வீணாக்கலாமா என்று மூன்று பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மாரி மட்டும் இரண்டு சொல் போட்டான். "அப்ப தாவோ?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை.

மாரியைப் பற்றிக் கேட்பாய். வலது கண் போய்விட்டது. இன்னொன்று தப்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகத்தில் கருப்புப் புள்ளிகள் அப்படியே பதிந்திருக்கின்றன. போய்ப் பார்த்தேன். பலாச்சுளை வறுவல் கொடுத்தான். "மூணாம் பாகம் முப்பரிமாணத்துல வருதாம் நாகு. எனக்கு அந்தக் கண்ணாடியே வேண்டாம், ஒத்தக் கண்ணுக்கு எல்லாம் தட்டையாத்தான் தெரியும்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வெளியே வந்து காப்பிச் செடிக்குப் பின்னால் நின்று அழுதேன். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுதாகர், படத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுடையது. தாத்தா பன்றி விரட்ட வைத்திருந்தது. போன வருடம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, நாட்டுத் துப்பாக்கி இருந்தால் தாமாக ஒப்படையுங்கள், வழக்கு வராது என்று ஊர் ஊராகச் சொல்லிப் போனார்களே, அப்போதும் அப்பா கொடுக்கவில்லை. உரச்சாக்கில் சுற்றிக் கூரைக்கடியில் அட்டத்தில் வைத்துவிட்டார். எனக்கும் தெரியும். நானும் பேசாமல்தான் இருந்தேன்.

ஒரு வெடி வெடித்தால் குழல் ஆறும்வரை தாத்தா அதைத் தொடமாட்டார், ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் சும்மா வைத்திருப்பார். படம் எடுத்தவனுக்கு இது தெரியாது என்று குழுவில் நான்தான் பீற்றிக்கொண்டேன். கை வேகம் இருந்தால் முடியும் என்று நீ சொன்னாய். பேச்சோடு விட்டிருக்கலாம். ஒரு சினிமாச் சண்டைக்கு அட்டத்தில் ஏறியவள் நான். சாக்கைப் பிரித்து உன் கையில் கொடுத்தவள் நான். "வெடிச்சுக் காட்டு, நான் எண்ணுறேன்" என்று சொன்னவளும் நானே. நம் மலையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாராவது ஒரு படத்தில் வரும் ஆயுதத்தைச் சரிபார்க்க இப்படிச் செய்வார்களா? துப்பாக்கி நமக்குத் தெரியும் என்ற திமிர். முதல் வெடிக்கு "ஒண்ணு" என்று கத்தினேன். நீ சூடு ஆறாத குழலில் வெடிமருந்தைப் போட்டாய். நான் "ரெண்டு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் சீறிவிட்டது. மாரி போனில் படம் பிடிக்கக் கிட்ட வந்து குனிந்திருந்தான்.

மாரி போனில் பிடித்த படத்தில் உன் முகம் தெரிகிறது. என் முகம் இல்லை. எண்ணுகிற குரல் யாருடையது என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு, பக்கத்தில் இன்னொரு போனில் படத்தின் முன்னோட்டம் ஓடியது, அது தலைவி ஈராவின் குரல் என்று சொன்னாயாம். முன்னோட்டத்தில் அவளும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள்தான். எப்படித்தான் அந்த நேரத்தில் உனக்குத் தோன்றியதோ! மாரியும் மருந்துக் கட்டோடு ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறான். துப்பாக்கி காட்டில் கிடந்தது, எடுத்தேன் என்று நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். எல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். கிராம உதவியாளர் வேலைக்கு என் பெயர் பட்டியலில் வந்திருந்தது. ஒரு வழக்கு என்றால் அது போய்விடும்.

ஆணை வந்துவிட்டது, சுதாகர். போன செவ்வாய்க்கிழமை. நாளைக்குச் சேர வேண்டும். அப்பா சந்தைக்குப் போய் எனக்கு ஒரு கைப்பை வாங்கி வந்தார். வீட்டில் யாரும் உன் பெயரை எடுப்பதில்லை.

ஆணை வந்த மறுநாள் உன் அம்மா கடைக்கு வந்தார். குண்டூர் நாட்டு உங்கள் ஊரிலிருந்து மழையில் நடந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். சேலை முந்தானையில் தண்ணீர் சொட்டியது. உனக்காகக் கலெக்டருக்கு ஒரு மனு வேண்டுமாம். "நீதான் நல்லா எழுதுவியே கண்ணு, எழுதிக் குடு" என்றார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார், நான் தட்டினேன். என் மகன் சுதாகர் லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவன். பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்வான். அந்தத் துப்பாக்கி யாருடையது என்று எனக்குத் தெரியாது.

அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. "ஏன் சாமி, தப்பாச் சொல்லிட்டனா?" என்று கேட்டார். இல்லைங்க அத்தை, சரிதான் என்றேன். தட்டி முடித்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். உன் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் தாளை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்தது தெரிந்து, மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். "எம்பையன் இருந்திருந்தா உன்ன வண்டியில கொண்டுபோயி ஆபீசுல எறக்கி உட்டிருப்பான்" என்றார். அந்தக் கொய்யாவை நான் தின்னவில்லை. மேசையிலேயே அழுகிக்கொண்டிருக்கிறது, எறியவும் மனசு வரவில்லை.

ஸ்டேஷனில் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "அந்தப் பையந்தான் ஒத்துக்கிட்டானே, உடு. ஆறு மாசத்துல வந்துருவான். உனக்கு இந்த வேல திரும்ப வருமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு அந்தக் கைப்பையை மாட்டிக்கொண்டு போய் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் என்னால் பேசவே முடியாது. ஒரு மாதம் போகும், ஒரு வருடம் போகும். உன்னை எதிரில் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். காலையில் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டார்கள் என்றால் நான் பின்வாங்க முடியாது. ஸ்டேஷன் வாசல்வரை போய்ப் பயந்து திரும்பி வந்தால்கூட, இது உன்னிடம் வந்துகொண்டே இருக்கும்.

இதை எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார். ஐயா, வணக்கம். நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். கு. நாகலட்சுமி, தகப்பன் பெயர் குப்புசாமி, செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை. துப்பாக்கி எங்கள் வீட்டு அட்டத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தது நான். மாரி போனில் பிடித்த படத்தில் எண்ணுகிற குரல் என்னுடையது. வேண்டுமானால் என்னை எண்ணச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம், இதைப் பார்க்க வேண்டியவர்களிடம் காட்டிவிட்டுப் பிறகு அவனிடம் கொடுங்கள்.

சுதாகர், உனக்கும் தண்டனை இல்லாமல் போகாது என்று தெரியும். வெடித்தது நீ. ஆனால் உன் பங்கை மட்டும் நீ சுமந்தால் போதும். கோபப்படாதே. உன் தியாகத்தை வீணாக்கிவிட்டேன் என்று நினைக்காதே. அம்மா வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொள்ளாமல் நிமிர்ந்து பேசு. குளிர் ஏறுகிறது, கொடுக்கிற போர்வையை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே.

குழுவின் பொறுப்பை உன் பேருக்கு மாற்றிவிட்டேன். உன் போன் போலீஸிடம் இருக்கிறது, பரவாயில்லை. நீ வெளியே வந்து போனைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக ஒன்று செய். மாரி அந்த இரண்டு சொல்லுக்கு இன்னும் பதில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். ஈரா கட்சியில் இருந்தவள் தோற்றுவிட்டாள் என்று அவனுக்கு நீயே எழுதிப் போடு.

உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரட்டும் என்று எனக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
எண்ணிக்கொண்டிருந்தவள்,
நாகு.