தோற்றவன் தள்ளும் வண்டி

நியூயார்க்,
ஜூலை 9, 1888

மதிப்புக்குரிய அப்பாவுக்கு லூதர் எழுதுவது.

நான் நலம். நீங்களும் தங்கை மெர்சியும் நலம்தானே? போன தேர்தலில் நான் கட்சி மாறியபோது, "உன் ஆளு வெள்ளை மாளிகையில இருக்கிற வரைக்கும் என் வாசப்படிய மிதிக்காதே" என்றீர்கள். நாலு வருஷமாக மிதிக்கவில்லை. ஆனால் தபாலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

கோர்ட்லாண்ட் தெருவில் எங்கள் கட்சி மன்றத்தில் வேலை செய்கிறேன். ஜனாதிபதியை மறுபடி ஜெயிக்க வைக்கத் துண்டுப் பிரசுரம் எழுதுவதுதான் தொழில். வெளிநாட்டுக் கம்பளிக்குப் போடும் இறக்குமதி வரியை எடுத்துவிட வேண்டும் என்கிறார் அவர். இங்கே ஆலைத் தொழிலாளிகளுக்கு அதைச் சொல்வது சுலபம். கோட்டு விலை குறையும் என்றால் கை தட்டுகிறார்கள். ஓஹியோவில் ஆடு வளர்ப்பவர்களிடம் எப்படிச் சொல்வது? எங்கள் தலைமை ஆசிரியர் வான் ஆல்ஸ்டைன் தினமும் என்னைக் குடைகிறார். ஆடும் வளர்த்து, என் முகத்துக்கு நேராக உண்மையும் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

பதில் போடுவீர்களா?

பணிவுள்ள மகன்,
லூதர்


நியூ ஹெப்ரான், ஓஹியோ
ஜூலை 17

மகன் லூதருக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறாய், அதுவும் எதிரி முகாமில் எத்தனை பீரங்கி இருக்கிறது என்று கேட்டு. உன் துணிச்சலை மெச்சுகிறேன். கடிதம் வந்த அன்று மெர்சி கூடுதலாக ஒரு ஆப்பிள் பலகாரம் சுட்டாள். நான் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

கேட்டதற்குப் பதில். இங்கே எல்லோருக்கும் பயம். வரியை எடுத்தால் ஆஸ்திரேலியக் கம்பளி கப்பல் கப்பலாக வந்து இறங்கும், ஆடுகளைக் கசாப்புக்குத்தான் ஓட்ட வேண்டும் என்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் நானும் அதையே முழங்குகிறேன். ஆனால் வரி இருக்கும்போதே கம்பளி விலை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டுதான் வருகிறது. மேடையில் இதைச் சொல்ல மாட்டேன். நீ கேட்டதால் சொல்கிறேன்.

பந்தயத்துக்கு வருகிறாயா? நம் ஊர் வழக்கம் மறந்திருக்காது. தோற்றவன் ஜெயித்தவனை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, தேவாலயத்திலிருந்து ரயில் நிலையம் வரை ஊர் பார்க்கத் தள்ள வேண்டும். போன தடவை மருந்துக்கடைக்காரன் நம் பாதிரியாரைத் தள்ளியபோது பாண்டு வாத்தியமே வந்தது. உன் ஆள் ஜெயித்தால் நான் உன்னைத் தள்ளுகிறேன்.

இதைப் படித்துவிட்டு மெர்சி ஏதோ சொல்ல வந்தாள். வாயை மூடு என்றேன்.

அப்பா,
ஆசா விட்கம்


நியூயார்க்,
ஆகஸ்டு 20

அன்புள்ள அப்பா,

பந்தயம் ஒப்புக்கொண்டேன். இப்போதே குறைத்துச் சாப்பிடுங்கள், உங்களைத் தள்ளும் நிலை எனக்கு வந்தாலும் வரலாம்.

ஓஹியோவுக்காக எழுதிய பிரசுரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனாதிபதியின் நேர்மை, சிக்கனம் எல்லாம் அதில் இருக்கிறது. நடை எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். மெர்சி அன்று என்ன சொல்ல வந்தாள்?

அன்புடன்,
லூதர்


நியூ ஹெப்ரான்,
செப்டம்பர் 12

லூதர்,

நடை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டிலுமே.

பக்கத்துப் பண்ணை டில்மனின் மருமகன் மாசசூசெட்ஸில் ஒரு ஆலையில் தறி ஓட்டுகிறான். அங்கே உங்கள் மன்றம் கொடுத்த பிரசுரத்தை அவன் டில்மனுக்கு அனுப்பியிருக்கிறான். அதில் பக்கத்துக்குப் பக்கம் கம்பளி, வரி, மலிவான கோட்டு. எங்களுக்கு வந்ததில் கம்பளி என்ற பேச்சே கிடையாது. இரண்டையும் மேஜைமேல் வைத்து டில்மன் கேட்டான்: "ஏன்யா ஆசா, ரெண்டையும் எழுதுனது உன் பையன்தானே?" எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வரியை எடுக்கப்போகிறேன் என்று என் மூஞ்சிக்கு நேரே சொல். சண்டை போடுகிறேன், அது மனுஷத்தனம். அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு மௌனம் என்பது என்ன பிழைப்பு? கட்சி மாறியதற்கு வாசலை மூடினேன். இது இப்படியே போனால் தபாலையும் மூடுவேன்.

ஆசா விட்கம்


நியூயார்க்,
அக்டோபர் 1

அப்பா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் திரிந்தேன். பிறகு வான் ஆல்ஸ்டைனிடம் போனேன்.

"ஓஹியோ எப்படியும் நமக்குக் கிடையாதுப்பா," என்றார். "நியூயார்க்கும் இந்தியானாவும் வந்தா போதும். கிடைக்காத ஊர்ல போய் ஏன் வாயக் கொடுக்கணும்?"

"கிடைக்காதுன்னா உண்மையச் சொன்னாத்தான் என்ன? புதுசா எதை இழக்கப்போறோம்?" என்றேன்.

மனுஷர் சிரித்துவிட்டார். "சரி, எல்லா ஊருக்கும் ஒரே பிரசுரம் எழுது. அடியில உன் பேரு போட்டுக்க. தோத்தா உன் தலைதான் உருளும்."

எழுதிவிட்டேன், இத்துடன் இருக்கிறது. வரி போகும், கொஞ்ச காலம் ஆடு வளர்ப்பவர்களுக்கு வலிக்கும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். வரி இருந்தும் விலை இறங்குகிறது என்பதையும் சேர்த்தேன். யார் சொன்னது என்று போடவில்லை.

அப்பா, ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ராத்திரி பகல் வேலை செய்கிறேன், ஆனால் எங்கள் ஆள் ஜெயித்தால் எனக்கு இன்னும் நாலு வருஷம் வீடு கிடையாது. கூட்டத்தில் எல்லோரும் ஆரவாரம் செய்யும்போது நான் மட்டும் அந்த நாலு வருஷத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

நேற்றுத்தான் இன்னொன்றும் மூளையில் ஏறியது. பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் நான் நியூ ஹெப்ரானுக்கு வந்தாக வேண்டும். இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?

லூதர்


நியூ ஹெப்ரான்,
அக்டோபர் 20

அன்பு மகன் லூதருக்கு,

உன் பிரசுரத்தை மளிகைக்கடையில் நானே உரக்கப் படித்தேன். எல்லோரும் உன்னைக் கண்டபடி திட்டினார்கள். ஆனால் ஒருத்தன்கூட எழுந்து போகவில்லை. கடைசியில் டில்மன் சொன்னான்: "பாவிப்பய நம்ம கழுத்த அறுக்கப்போறேன்னுதான் சொல்றான், ஆனா கத்தியக் காட்டிட்டுச் சொல்றான்." நம் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஓட்டு என்னவோ எங்கள் ஆளுக்குத்தான், கனவு காணாதே.

போன சனிக்கிழமை எங்கள் தீவட்டி ஊர்வலம். வண்டியில் ஒரு செம்மறியைப் பாதி மட்டும் மயிர் கத்தரித்து நிறுத்தி, 'வரியை எடுத்தால் எங்கள் கதி' என்று பதாகை கட்டினோம். அது பதாகையின் பாதியைத் தின்றுவிட்டு, குதித்து ஓடி நேராக உங்கள் கட்சி ஆபீசுக்குள் புகுந்துவிட்டது. இன்னும் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள், கட்சி மாறிவிட்டதாம். எனக்கு ஏற்கெனவே பழக்கமான கதைதான்.

நீ கேட்டதற்குப் பதில்: வாசப்படியை மிதிக்காதே என்றுதான் சொன்னேன். ஊர்ச் சாலை என் சொத்து இல்லை.

உன் அப்பா


நியூயார்க்,
நவம்பர் 10

அன்புள்ள அப்பா,

தோற்றுவிட்டோம். நாடு முழுக்க எண்ணினால் எங்கள் ஆளுக்குத்தான் ஓட்டு அதிகம். ஆனால் மாநிலவாரியாகக் கணக்குப் பார்க்கும் நம் முறையில் உங்கள் ஆள் போய் உட்காரப்போகிறார். நான் வக்கீலாக இருந்தால் பந்தயத்தில் பாதி எனக்கு என்று வாதாடலாம். இல்லை. தோற்றது தோற்றதுதான்.

தலை உருளவில்லை. "அடுத்த தடவையும் ஒரே பிரசுரம்தான்" என்கிறார் வான் ஆல்ஸ்டைன். அடுத்த தடவை ஜெயிப்போம், இது நிச்சயம்.

எங்கள் ஆள் மார்ச்சு நாலாம் தேதி வரை வெள்ளை மாளிகையில் இருப்பார். உங்கள் சொல்லை மீற எனக்கு விருப்பமில்லை. மார்ச்சில் வரட்டுமா?

லூதர்


நியூ ஹெப்ரான்,
நவம்பர் 15

என் அன்பு மகனுக்கு,

மார்ச்சில் வேண்டாம். சாலை சேறாக இருக்கும், சக்கரம் புதையும். இப்போதே வா.

மெர்சி சொல்ல வந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மே மாதம் கொட்டகையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு நடை கிடையாது. டில்மன்தான் தினமும் தள்ளுவண்டியில் உட்கார வைத்து ஆடுகளிடம் கொண்டுபோகிறான். ஊர்வலத்துக்கும் மளிகைக்கடைக்கும் அதில்தான் போனேன். நீ ஜெயித்திருந்தால் உன்னைத் தள்ள எனக்கு வழியே இல்லை. அதனால்தான் இந்த வருஷம் உட்கார்ந்த இடத்திலிருந்தே இந்த வட்டாரத்தையே ஒரு கலக்குக் கலக்கினேன். கம்பளி வரிக்காக என்று கட்சிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்னமே எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பாய், தெரியும். பரிதாபப்பட்டு நீ வருவது எனக்குப் பிடிக்கவில்லை. பந்தயத்தில் தோற்று, ஊரே சிரிக்க, என்னைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னைப் பார்க்காமல் இருந்த நாலு வருஷமும் என் வாய்க்கொழுப்பால் வந்தது. உன்னைத் தேடாத நாள் இல்லை, லூதர்.

தேவாலயத்திலிருந்து ரயில் நிலையம் வரைதான் பந்தயம். அங்கேயே என்னை இறக்கிவிட்டு ரயிலேற உனக்கு உரிமை உண்டு. ஆனால் அங்கிருந்து நம் வீடு ஒரே மேடு, டில்மனுக்கும் வயசாகிவிட்டது.

நான் சொன்ன சொல்லை இதுவரை திருப்பி வாங்கினதில்லை. உன் ஆள் மார்ச்சு வரை இருக்கிறார் என்பதும் வாஸ்தவம்தான். அதனால் வாசப்படிமேல் பெரிய பலகை ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறேன். நேற்று மெர்சி வண்டியை ஏற்றிப் பார்த்தாள், ஆடாமல் இருக்கிறது. படியை மிதிக்காமல் பலகைமேல் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா