மெதுவாய் ஏறிய கெட்டிமேளம்

செவ்வாய், இரவு.

கெட்டிமேளத்துக்கு யாராவது ஃபேட்-இன் போட்டு, சத்தத்தை மெல்ல ஏத்துவாங்களா? எங்க ஸ்டுடியோ ஓனர் போட்டிருக்கார். நான் லீவுல இருந்தப்போ, சேலையூர் கல்யாண வீடியோவுல ஒரு கட் விடாம அதையே இழுத்து விட்டிருக்கார். மேளம் எங்கயோ திருநீர்மலையில வாசிக்கிற மாதிரி மெல்ல ஏறுது. அதுக்குள்ள ஐயர் மைக்குல ஒரு தும்மல், பளிச்சுனு. இதெல்லாம் காதுல விழக்கூடாதுன்னுதானே மேளத்தையே கொட்டறாங்க!

தாலி கட்டுறப்போ அபசகுனமாம். மாப்பிள்ளையோட அம்மா பொண்ணைக் கரிச்சுக் கொட்டறாங்களாம். பொண்ணு போன்ல அழுதா. ஓனர் அலட்டிக்காம, "எடிட்டர் தப்பும்மா"ன்னு என்னைக் கை காட்டிட்டார்.

ரெண்டாவது கேமராவைப் போட்டுப் பார்த்தேன். தும்மினதே அந்த அம்மாதான். முந்தானையில மூக்கைத் துடைக்கிறது வரைக்கும் இருக்கு.

ஒரு ஃபேடும் போடாம பொண்ணுக்கு அனுப்பிட்டேன்.