நேற்றும் கல், நாளையும் கல்

இன்று மத்தியானம் சோற்றில் கல் கடிபட்டது, ஓய். ரேஷன் அரிசி. முறத்தில் இரண்டு தடவை பொறுக்கியும் ஒன்று தப்பிவிட்டதே என்று என் வீட்டுக்காரி முகத்தைச் சுருக்கினாள். அதே நேரம் பக்கத்தில் என் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்: "கல் என்றால் நேற்று. கல் என்றால் நாளை." சுதந்திரம் வந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் இந்தியும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

"அப்பா, ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா? அப்ப எது எதுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கது?"

கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். சாப்பாடு பாதியில் நின்றது. உமக்கு மடல் எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நான் பம்பாய் வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? மாட்டுங்கா சந்தையில் ஒரு மராட்டிக் கிழவி கூடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து "காய்?" என்றாள். நான் "ஆமா, காய்தான்" என்றேன். அவள் மறுபடி "காய்?" நான் கத்தரிக்காயைத் தொட்டுக் காட்டி "அதான் காய்ங்கேன்லா!" அவள் குரலை உயர்த்த, நானும் உயர்த்த, கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் நீர்.

"வே, அவ பாஷையில காய்னா 'என்ன'ன்னு அர்த்தம். அவ 'என்ன வேணும்'னு கேக்கா, நீரு 'ஆமா, என்னதான்'ங்கேரு. ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசலாம்."

அன்று தொடங்கியது நம் சிநேகம். ஒரே மில், லேபர் கேம்பில் அடுத்தடுத்த வரிசை. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், எட்டாவதை மட்டும் இரண்டு தடவை. அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, பஞ்சுப் பொதிகளை எண்ணுவது. ஊரார் நம்மை மதராசி என்றார்கள். மதராஸில் நான் ரயில் மாறியதோடு சரி. பருப்பில் சர்க்கரை போட்டுத் தின்பவர்களைப் பார்த்து நாம் சிரித்தோம். ஆமாம் என்பதற்கு நாம் தலையை ஆட்டும் விதத்தைப் பார்த்து, இவன் ஆமாம் என்கிறானா இல்லை என்கிறானா என்று அவர்கள் சிரித்தார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் ஒரு குறையும் இல்லை.

எனக்குப் பிடிபடாதது அந்த 'கல்' தான். ஒருநாள் ரேஷன் கடையில், நீர் அரிசி வாங்கித் திரும்பும்போது வரிசையில் நின்றபடி உம்மிடம் கேட்டேன். நீர் பையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக் காட்டினீர்.

"நேத்தைக்கும் கல்லு, நாளைக்கும் கல்லு. நடுவுல இன்னைக்கி ஒண்ணுதாம்வே அரிசி."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பாடம் மட்டும் மண்டையில் ஏறவில்லை.

பிறகு அந்த மழைக்காலம். உமக்கு விஷக்காய்ச்சல். உம்மைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். உம் வீட்டுக்காரி, நம் மைனிக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள்; அவர்களால் வாசல் தாண்ட முடியாது. குமாஸ்தா விலாசம் கேட்டார், லேபர் கேம்ப் என்றேன். வீட்டு நம்பர் என்று ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

இரண்டு நாள் தண்டவாளம் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. மில்லில் வராதவர்களுக்குப் பதிலாக வந்த ஆளையே அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் மாலை நான் போனபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. வார்டு வாசலில் நின்ற ஆளிடம் உம் பெயரைச் சொல்லி, படுக்கை நம்பரை விரலால் காட்டி, "மேரா தோஸ்த், கிதர்?" என்று, என் சிநேகிதன் எங்கே என்று கேட்டேன்.

"கல் லே கயே."

"கல்?"

"ஹாங், கல்."

'லே' என்றால் கூட்டிப்போவது என்று எனக்குத் தெரியும். 'கயே' என்ற வாலில்தான் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. நாளைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு கும்பிடு வேறு போட்டேன், ஓய். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். மதராசிகளின் துக்கமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பான்.

ஓடிவந்து மைனியிடம் சொன்னேன்.

"நெசமாவா கொழுந்தனாரே? நாளைக்கு விட்டுருதாவளா?"

"நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன் மைனி."

அவர்கள் உம் வேட்டியையும் சட்டையையும் மடித்துக் கொடுத்தார்கள். மறுநாள் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். அதே ஆள். என்னைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "கல்" என்று மெதுவாகச் சொல்லி, கையை மடக்கி, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினான். பிறகு ஒருமுறை மேலேயும் காட்டினான். முந்தின நாள் அவன் சொன்னது, நேற்றே கொண்டுபோய்விட்டார்கள் என்று.

நான் வந்து போன மாலை நீர் அதே கட்டடத்தின் பின்புறம், பிணங்களை வைக்கும் அறையில்தான் கிடந்தீராம். இரவு முழுக்க வைத்திருந்தார்களாம். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை என்று, நான் துணியோடு வந்த அன்று காலையில்தான் முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றி, மற்றவர்களோடு எரித்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பு ஒன்றுமில்லை. கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னார்கள். ஒரு வாலைப் புரிந்துகொண்டிருந்தால் மைனி உம் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நான் நாலு பேரைக் கூட்டிவந்து உம்மைத் தூக்கியிருப்பேன்.

மைனி என்னைத் திட்டவில்லை. ஊருக்கு ரயில் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "நீங்க அப்படிச் சொன்ன அன்னைக்கி மட்டுந்தான் நான் நல்லாத் தூங்குனேன் கொழுந்தனாரே." அது ஆறுதலா, சாபமா? இத்தனை வருஷமாகப் பொறுக்கிப் பார்க்கிறேன், பிரியவில்லை.

மில்லில் இன்னும் அந்தக் காய்க் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். சிரிக்கிறார்கள். அடுத்த கதையை நான் சொல்வதில்லை, தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் சிலர் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது மகள் மறுபடி வந்து நின்றாள். டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டதாம். "கடைசி வரைக்கும் கேட்டாத் தெரிஞ்சிரும்பா. நீங்கதான் பாதியிலயே தலையாட்டிருதீய."

ஐந்து வருஷம் பிந்தி வந்த பாடம். யாராவது 'கல்' என்றால் இப்போதெல்லாம் நான் விடுவதில்லை. "ஆகேவாலா, பீச்சேவாலா?" என்று கேட்கிறேன். முன்னால் வரும் கல்லா, பின்னால் போன கல்லா? இதனால் மில்லில் என் பெயரே ஆகே-பீச்சே ஆகிவிட்டது. நீர் இருந்திருந்தால் அந்தப் பெயரை நீர்தான் வைத்திருப்பீர்.

நேற்று ரேஷன் கடைக்காரர் சர்க்கரை கேட்டதற்கு "கல்" என்றார். வழக்கம்போல் கேட்டேன். முன்னால் என்பதற்குக் கையை நன்றாக நீட்டிக் காட்டினேன். பின்னால் என்று காட்டப் போனபோது, எப்போதும் போல, கை தோள் வரைக்கும்தான் போனது.