மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்ததாக எழுதப்பட்ட வரியைப் பற்றி

அனுப்புநர்:
ஆறு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமியின் அக்கா,
மருத்துவமனைப் பின்வாசல் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை நிர்வாக அலுவலகம், முதல் தளம்.

பொருள்: என் தங்கையின் கோப்பில் என் அம்மாவைப் பற்றி எழுதப்பட்டுள்ள பொய்யான வரியை, இம்மாதம் 22-ஆம் தேதி ஸ்கேனுக்கு முன் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்குப் பத்தொன்பது வயது. மனு எழுதுவது இதுவே முதல் முறை. எப்படி எழுத வேண்டும் என்று நான்கு வீடியோ பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முறையில் தவறு இருந்தால் மன்னிக்கவும். விஷயத்தில் தவறு இல்லை.

2. தங்கள் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆன்லைனில் மருத்துவ சேனல் நடத்துவது தாங்கள் அறிந்ததே. நான் அவருடைய ரசிகை. சும்மா பார்த்துவிட்டுப் போகிற ரசிகை இல்லை. அவருடைய முப்பத்தோரு வீடியோக்களுக்குச் சப்டைட்டில் போட்டுக் கொடுத்தவள். கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே அவரிடம்தான் கற்றேன். அவரை யாராவது கமெண்டில் குறை சொன்னால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பதில் எழுதுவேன். "உனக்குச் சம்பளம் குடுக்குறாரா, இல்ல கோயில் கட்டப் போறியா" என்று அம்மா கேட்பார். இதை நான் சொல்வதற்குக் காரணம், அவர் மேல் பழைய கோபம் எதுவும் எனக்கு இருந்ததில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

3. என் தங்கைக்கு வீட்டில் மைக்செட் என்று பெயர். ஒரு திங்கட்கிழமை காலை அவள் பள்ளிக்குக் கிளம்பாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அப்பா லாரி ஓட்டுநர். வாரக் கணக்கில் வெளியூரில் இருப்பவர். அம்மா குழந்தைகள் பிரிவுக்குப் போகலாம் என்றார். நான்தான், வயிற்றுவலி என்றால் இவரைத்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, அவருடைய அறைக்கு டோக்கன் எடுத்தேன். அந்தப் பொறுப்பு என்னுடையது.

4. மருத்துவர் என் தங்கையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்பெண்டிக்ஸ் இடத்தில் வலி இல்லை, வாயுத் தொல்லை என்று மருந்து எழுதினார். அப்போது என் அம்மா சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டர், கை வெச்சுப் பாத்தா உள்ள ஏதோ கட்டியா தட்டுப்படுதுங்க. பக்கவாட்டுல தள்ளினா நகருது." அது மலம் தேங்கியது, இரண்டு நாளில் சரியாகும் என்று பதில் வந்தது. உடனே நான், நான்தான் உங்கள் சப்டைட்டில் பெண் என்று அறிமுகம் செய்துகொண்டு அவரோடு செல்ஃபி எடுத்தேன். அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். பின்னால் என் தங்கை நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் வயிற்றின் மேல் அம்மாவின் கை இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது; படம் எடுத்த தேதியும் போனில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். பார்க்க எனக்கே கூசுகிறது. ஆனாலும் நாங்கள் திங்கட்கிழமை வந்தோம் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

5. மறுநாள் செவ்வாயன்று, வலி அதிகமாகிக் காய்ச்சலும் வந்ததால் மீண்டும் வந்தோம். டோக்கன் எண் அறுபத்தொன்று என்று தங்கள் மருத்துவமனையிலிருந்து என் போனுக்கு வந்த குறுஞ்செய்தியின் பிரதியும் இணைப்பில் உள்ளது. இம்முறை அவர் கை வைத்துப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் பார்த்தேனே, மருந்து வேலை செய்ய அவகாசம் கொடுங்கள் என்றார். அம்மா கட்டியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தபோது, நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து அடக்கினேன். என் மானம் போகிறது என்று எனக்குப் பட்டது.

6. புதன்கிழமை காலை தங்கை பச்சையாக வாந்தி எடுத்தாள். வயிறு பலகைபோல இறுகியிருந்தது. தொடவே விடவில்லை. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்த பெண் ஊழியர் திரையைப் பார்த்துவிட்டு, உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக நீர் தெரிகிறது என்று உடனே மருத்துவரை அழைத்தார். சிறுகுடலைத் தாங்கும் சவ்வில் நீர்க்கட்டி. அதற்குள் ரத்தம் கசிந்து, கட்டியின் பாரத்தில் குடலும் முறுக்கிக்கொண்டிருந்தது. அன்றே அறுவை செய்து கட்டியையும் ஒரு சாண் குடலையும் எடுத்தார்கள். அறுவை செய்தவர் அதே மருத்துவர்தான். அவர் கை சுத்தமான கை. என் தங்கை இன்று உயிரோடு இருப்பதற்கு அவரும் காரணம். இதை எழுதாமல் மறைத்தால், அவர் எங்களுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்ததாக ஆகும்.

7. ஆய்வக முடிவில் அது லிம்பாஞ்சியோமா என்று வந்தது. நிணநீர் ஓடும் நுண்குழாய்கள் பிறவியிலேயே சரியாக இணையாமல், நீர் தேங்கிக் கட்டியாவது. புற்றுநோய் அல்ல. வயிற்றுக்குள் வருவது மிக அரிது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று அப்பெண்டிக்ஸ் வலி போல ஆளைச் சாய்க்கும். இவ்வளவு அரிதான ஒன்று முதல் பார்வையில் பிடிபடாமல் போனதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் எங்களிடம் "எனக்கு அன்னிக்குத் தோணலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அவர் பக்கம் நின்று ஊரோடு சண்டை போட்டிருப்பேன்.

8. என் குறை இதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "வலி தொடங்கி மூன்று நாட்கள் தாயார் நோயாளியை வீட்டிலேயே வைத்துக் கைவைத்தியம் செய்ததாகத் தகவல்." இந்தத் தகவலை யார் கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. கைவைத்தியம் எதுவும் நடக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த மருந்தைத்தான் அம்மா கொடுத்தார். திங்கள், செவ்வாய் ஓ.பி. சீட்டுகள் இரண்டையும், கோப்பில் வைக்க வேண்டும் என்று சொல்லிப் புதன்கிழமை வார்டில் வாங்கிக்கொண்டார்கள். இப்போது கோப்பில் புதன்கிழமைச் சீட்டு மட்டும் இருக்கிறது.

9. அப்பா லாரியை விட்டு இறங்கி வந்ததும் அந்தத் தாளைத்தான் முதலில் படித்தார். மடித்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்துக் கேட்டார்: "புள்ள துடிக்கிறப்ப மூணு நாளு என்ன பண்ணிக்கிட்டு இருந்த அண்ணி, அடுப்பைப் பாத்துக்கிட்டா?" நாங்கள் இரண்டு முறை போனோம் என்று நான் கத்தினேன். நான் அந்த மருத்துவரின் பைத்தியம், அன்றைக்கும் படம் எடுக்கத்தான் போயிருப்பேன் என்று சொல்லிவிட்டார்கள். அதில் பாதி உண்மை என்பதால், அந்தச் செல்ஃபியை எடுத்துக் காட்டக் கூசிப் போனை மறைத்துக்கொண்டேன். அச்சடித்த தாளின் முன்னால் எங்கள் பேச்சு எடுபடவில்லை.

10. தாளில் எழுதியவர் யாரோ பயிற்சி மருத்துவராக இருக்கலாம், என் ஆளுக்கு இது தெரிந்திருக்காது என்றுதான் அப்போதும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்துச் சேனலிலிருந்து புதிய வீடியோ ஒன்று சப்டைட்டிலுக்கு வந்தது. அரிய வயிற்றுக் கட்டி பற்றியது. நான் வழக்கம்போல வரி வரியாகக் கேட்டு அடித்துக்கொண்டு போனேன். "தாயின் அலட்சியத்தால் மூன்று நாட்கள் வீணாயின" என்று அடித்தேன். எழுத்துப் பிழை பார்த்தேன். யாரோ ஒரு தாய் என்று எனக்குக் கோபமும் வந்தது. அடுத்து, "வயிற்றில் கை வைத்ததுமே கட்டி பக்கவாட்டில் நகர்வதை உணர்ந்தேன், அந்த நொடியே சந்தேகம் வந்துவிட்டது" என்றார். அதையும் அடித்தேன். பிறகு வார்டுப் படம் ஒன்று வந்தது. முகத்தை மறைத்திருந்தார்கள். கை தெரிந்தது. மூன்று விரலில் நீலம், இரண்டு விரலில் மஞ்சள் நகப்பூச்சு. நீலம் தீர்ந்துபோனதால் நான்தான் அப்படிப் பூசிவிட்டேன்.

11. ஐயா, என் அம்மாவைக் குற்றவாளி ஆக்கிய வாக்கியத்தை நானே என் விரலால் அடித்து, புள்ளி வைத்து, சரிபார்த்திருக்கிறேன். என் அம்மாவின் கை கண்டுபிடித்ததை அவர் தன் கை கண்டதாகச் சொன்னார். தன் தாமதத்தை என் அம்மா தலையில் வைத்தார். அவர் வீடியோ ஒவ்வொன்றிலும் கடைசியில், நோயாளி சொல்வதைக் கேட்பதே பாதி வைத்தியம் என்று சொல்வார். அந்த வரியை முப்பத்தோரு தடவை அடித்தவள் நான்.

12. அவருக்கு நேரடியாக எழுதினேன். பதில் வந்தது: "கேஸ் புரியணும்னு கதையைக் கொஞ்சம் சுருக்கினேன்மா. பர்சனலா எடுத்துக்காதே. யார் பேரும் சொல்லலையே." பத்து நிமிடத்தில் சேனலின் சப்டைட்டில் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். வீடியோ வேறு யாரோ போட்ட சப்டைட்டிலோடு வெளிவந்தது. எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதன் கீழே உண்மையை நான்கு முறை எழுதினேன். நான்கும் தானாக அழிந்தன. அவருக்கு எதிரான சொற்களை வடிகட்டும் பட்டியலை அமைத்துக் கொடுத்ததே நான்தான். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

13. தங்கள் ஆவணப் பிரிவிலும் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். ஆனால் சொன்னது இது: "ஃபைல்ல இருக்குறதுதான்மா நடந்தது. இல்லாதது நடக்கல."

14. இனி நான் எழுதுவதற்காகவே இந்த மனு. மற்றவை எல்லாம் எங்கள் மானப் பிரச்சினை என்று தாங்கள் ஒதுக்கினாலும், இதை ஒதுக்க முடியாது. இந்தக் கட்டி துளி மிச்சம் இருந்தாலும் மறுபடி வளரலாம், வலி என்றால் உடனே சொல்ல வேண்டும் என்று தங்கள் மருத்துவமனையே அறிவுறுத்தியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் என் தங்கை குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே வயிற்றைப் பிடித்துக் குந்தியிருந்ததைக் கண்டேன். அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகக் குழாய். நான் தூக்கியபோது அவள் சொன்னது: "வலிக்கலன்னு சொல்லிடுக்கா. வலிக்குதுன்னா எல்லாரும் அம்மாவைத்தான் திட்டுவாங்க."

15. அன்றே வேறு கிளினிக்கில் காட்டினோம். அவசரம் எதுவும் தெரியவில்லை, ஆறு மாத ஸ்கேனைத் தவறவிட வேண்டாம் என்றார்கள். இதற்கு முன் எத்தனை முறை அவள் இப்படிக் குழாயைத் திறந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். அம்மாவும் இப்போது அவள் வயிற்றில் கை வைப்பதில்லை. முதன்முதலில் கட்டியைக் கண்டுபிடித்த கை அது.

ஆகவே நான் கேட்பது:

திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களின் ஓ.பி. பதிவேட்டையும் டோக்கன் கணினியையும் பார்க்க உத்தரவிட வேண்டும். அந்த ஒரு வரியை நீக்கி, "வலி தொடங்கிய நாளிலேயே தாயார் அழைத்து வந்தார், கட்டி இருப்பதாகவும் தெரிவித்தார், மறுநாளும் அழைத்து வந்தார்" என்று எழுத வேண்டும். வீடியோவை நீக்கச் செய்ய வேண்டும். 22-ஆம் தேதி ஸ்கேனை வேறு மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த மருத்துவருக்குத் தண்டனை கேட்டு நான் எழுதவில்லை. அது தங்கள் முடிவு.

திருத்திய தாளை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், என் பேச்சை வீட்டில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முத்திரையோடு அப்பா பெயருக்கு அனுப்புங்கள். அவர் 19, 20, 21 ஆகிய மூன்று நாட்கள் வீட்டில் இருப்பார். அதைத் தங்கைக்கும் கேட்கும்படி படிக்க வைப்பது என் பொறுப்பு. 22-ஆம் தேதி ஸ்கேன் மேசையில் படுக்கும்போது, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவள் பயப்படாமல் கையை வைத்துக் காட்ட வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

தேதி: 4-ஆம் தேதி, செவ்வாய்
இடம்: பின்வாசல் தெரு

நோயாளியின் அக்கா
(கையொப்பம்)

இணைப்பு: செல்ஃபி ஒன்று, டோக்கன் குறுஞ்செய்தியின் பிரதி ஒன்று, வீட்டுக்கு அனுப்பிய தாளின் நகல் ஒன்று.