‘சி.’ என்ற ஓரெழுத்து

தோழி,

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. “கொக்கிளாய்க் கடல் கொந்தளிப்பு. படகு இறக்க வேண்டாம்.” நீ எழுதிய நிரல் அனுப்பிய எச்சரிக்கை. நீ காய்ச்சலில் போய் ஒரு வருடமாகிறது. அது இன்னும் வேலை செய்கிறது.

நாம் ஒன்றாக வேலை பார்த்த வவுனியா நிறுவனம் தன் இணையத்தளத்தைப் புதுப்பித்தது. அதில் உன் நிரலுக்குப் பக்கத்தில் என் படம்! உனக்கும் எனக்கும் ஒரே பெயர். உன் அப்பா சின்னத்துரை, என் அப்பா சின்னராசா; ஆகவே இருவருக்கும் முன்னால் அதே ‘சி.’

நெளுக்குளத்தில் நிரல் எழுதப் படித்த நாட்கள் நினைவிருக்கிறதா? ஒரே சொல்லை ஸ்ட்ரிங் என்ற எழுத்துச் சரமாக இரண்டு தரம் எழுதி, கணினிக்குள் இரண்டும் ஒன்றேதானா என்று கேட்டேன். இல்லை என்றது கணினி. நான் கீபோர்டைத் தள்ளிவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“எடியே, எழுத்து ஒண்டுதான், ஆள் வேற. எங்கள் ரெண்டு பேரையும் பாரன். சிம்பல் எண்ட வகையில எழுதினால்தான் எத்தினை தரம் எழுதினாலும் ஒரே ஆள்.”

புதுத் தளத்தை எழுதிய புண்ணியவான் எல்லாப் பெயர்களையும் சிம்பலாக்கி அடுக்கியிருக்கிறான். ஒரு பெயருக்கு ஓர் இடம். முதலில் உன்னை வைத்தான். பிறகு வந்த நான் உன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பொறுப்பாளரிடம் போனேன். “பேர் ஒண்டுதானே, தங்கச்சி. அவவும் இப்ப இல்லை. ஆருக்கு என்ன நட்டம்?” என்றார். மனுசன் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“கொக்கிளாயில அவவின்ர அம்மா இருக்கிறா, ஐயா!” என்று கத்திவிட்டேன்.

அதற்கு முதல்நாள்தான் உன் அம்மா அழைத்திருந்தார். “பிள்ளை, மகள்ர வேலையைச் சனத்துக்குக் காட்டுவமெண்டு ஃபோனைத் திறந்தனான். உன்ர முகம் நிக்குது. நான் பிழையா அமத்திப்போட்டனோ?”

தன் பிழை என்று நினைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று நானே உள்ளே புகுந்து திருத்தினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உன் படம், உன் அப்பாவின் முழுப்பெயர், உன் பெயர். இன்றைய எச்சரிக்கை வந்த கையோடு உன் அம்மாவை அழைத்து, தளத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

“ஓம் பிள்ளை. நிக்கிறாள்.”

நான் இப்போது எங்கும் ‘சி.’ என்று போடுவதில்லை. சின்னராசா என்று முழுதாக எழுதுகிறேன். கை வலித்தாலும் பரவாயில்லை, உன் இடத்தில் இனி நான் நிற்கமாட்டேன்.