அத்தை கதவுகிட்ட நிக்கிறாங்க

என்னங்க,

சோறு குக்கர்ல இருக்கு, நெத்திலி சம்பல சூடு பண்ணிக்குங்க. மோட்டார் சைக்கிள் சாவி டிவி பக்கத்துல. நான் பஸ்ஸுல தானா ராத்தா முதியோர் ஹோமுக்குப் போறேன். அத்தைய எப்படிப் பார்த்துக்கணும்னு இன்னிக்கு மறுபடி பேசுறாங்க.

நேத்து உங்க மேல கத்தினது தப்பு. ‘உழைச்ச உடம்பு, நல்லாத் தூங்கட்டும்’னு போன தடவை அங்க பேசினப்ப மகன் நீங்க சொன்னீங்க, மருமக நானும் தலையாட்டினேன். அத்தைய யாருமே கேக்கல. இப்ப விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, போர்வைய இடுப்புல கட்டிக்கிட்டு கதவுகிட்ட நிக்கிறாங்களாம். அதுக்குத் தூக்க மாத்திரை கொடுக்குறாங்க. தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கப் போறப்ப, விடியக்காலைல பேர் கூப்பிடுற பெரட்டுல காலமெல்லாம் அப்படித்தான் நின்னாங்கன்னு நர்ஸுக்கு எப்படித் தெரியும்? நாமதானே சொல்லியிருக்கணும்!

இந்தத் தடவை ‘அத்தையையே கேளுங்க’ன்னு ஹோம்ல சொல்லப் போறேன்.

குமுதா

சம்பல் அப்புறம் சாப்பிடலாம் லா. நீங்களும் வந்துடுங்க. ‘வீட்டுக்குப் போலாம்’னு அவங்க சொல்லிட்டா, நான் ஒருத்தி என்ன பதில் சொல்லுவேன்?