செம்பருந்துகள் கிட்ட வந்த காலை

மச்சான்,

இன்று ஸுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் காற்றில் பட்டாசுப் புகை மணக்கிறது. முந்தல் பக்கம் இறால் பண்ணைகளில் பறவை விரட்டுகிறார்கள். என் மூக்கு லேசுப்பட்ட மூக்கா? கற்பிட்டியில் கருவாடு பொரித்தால் எந்த வீட்டுச் சட்டி என்று இங்கிருந்தே சொல்லும். அந்த மூக்குக்குள் இன்று நீ வந்து நின்றாய். நீ மவுத்தாகி, உன்னை அடக்கி ஒரு மாரி கழிந்துவிட்டது.

பருந்தைக் கண்டால் பண்ணைக்காரர் எல்லாரும் வெடி போடுவார்கள். நீ ஒருவன்தான் உன் இறால் குளத்தில் வெடியைத் தடுத்துவிட்டுக் கமெராவைத் தூக்கியவன். அந்த லென்ஸ், நோன்புக் கஞ்சிக் கிடாரத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. பம்புக் கொட்டிலுக்குள் பழைய வலையைத் தலையில் போர்த்திக்கொண்டு நாம் அசையாமல் இருந்த இருப்பில், நண்டுகள் நம்மைக் கல்லென்று நம்பிக் குடித்தனம் நடத்தின. செம்பருந்தின் கண்ணைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும், அதுதான் உன் ஆசை. "அந்தக் கண்ணுக்குள்ள நம்மட குளம் தெரியணும்டா" என்பாய். பருந்துகளோ நம்மை மதிக்கவில்லை. நீ எடுத்த படங்களைப் பார்த்து, "இது பருந்தா, லென்ஸில விழுந்த தூசா?" என்று நான் கேட்க, நீ முறைப்பாய்.

பக்கத்துப் பண்ணை ஹாஜியார் வரம்பில் நின்று கத்துவார்: "என்ன தம்பி, ஒங்கட குளத்துல பருந்துக்குக் கந்தூரியா? ஒரு வெடியாச்சும் போடுங்களேன்!"

"அதுகள் விருந்தாளி, ஹாஜியார். வெரட்டப்படாது!"

பிறகு ஒரு காலை அவை வந்தன. வானத்தில் இடம் போதாமல் சில பருந்துகள் வரிசையில் காத்து நின்றன. வேறு யாரும் நம்பமாட்டார்கள், நீ நம்புவாய், நீயும் பார்த்தாய். சிறகுக் காற்று முகத்தில் அடித்தது. என் புகழ் பருந்துலகம் வரை எட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒன்று நமக்கு முன்னாலேயே தாழ்ந்து, காலை நனைத்து, ஒரு இறாலோடு எழும்பியது.

"கெடச்சிட்டுடா! கண்ணு கெடச்சிட்டு!"

கமெராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாய். கண்ணைப் பார்த்துச் சிரித்தாய். படத்தைக் கீழே நகர்த்தினாய். பருந்தின் காலில் இருந்த இறாலின் ஓட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாலில்லாஹி..."

"யாருடா மவுத்து?"

"எறால்டா. சொகமான எறால் அடியில கெடக்கும். வருத்தம் வந்தாத்தான் மேல வரும். அதுக்குத்தான் இவங்க வாராங்க. நமக்கில்ல."

நீ முதலில் ஓடியது மதகுக்கு. உன் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் பொது வாய்க்காலில் இறங்காதபடி இறுக்கி மூடினாய். நிமிர்ந்து பார்த்தால், காலில் இறாலோடு ஒரு பருந்து ஹாஜியாரின் குளத்துக்கு மேலே வட்டமிடுகிறது.

"ஹாஜியார்! வெடி தாங்க! இரிக்கிற எல்லாத்தையும் தாங்க!"

"என்ன தம்பி, விருந்தாளிகளோட கோவமா?"

"என்ட எறாலுக்கு நோய். பருந்து அதத் தூக்கி ஒங்கட குளத்துல போட்டா ஒங்கடதும் போயிரும்!"

ஹாஜியார் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பையோடு திரும்பி வந்தார். நீயே கொளுத்தினாய். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடிக்கொண்டாய். நீ ஆசை ஆசையாய்ப் பழக்கிய பருந்துகள் கடல் பக்கம் கலைந்து போயின. இந்த மாவட்டத்திலேயே பெரிய வாயான என் வாயில் அன்று ஒரு பகிடியும் வரவில்லை.

உன் குளம் போயிற்று. ஹாஜியாருடையது தப்பியது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினாய். வந்தவர்கள் மாஷா அல்லாஹ் சொன்னால், "பாருங்க, அந்த முறை என்ட குளத்துல இருந்து வெளியான ஒரே எறால் இதுதான்" என்று நீயே பெரிதாய்ச் சிரிப்பாய்.

இப்போது குளத்தை உன் மகள் பார்க்கிறாள். போன கிழமை உன் கமெராவோடு போயிருந்தேன். ஒரு செம்பருந்து கைக்கெட்டும் தூரத்துக் கம்பில் வந்து குந்தி என்னையே பார்த்தது. நீ ஆயுள் முழுக்கக் கேட்ட கண். என் விரல் அசையவில்லை, மச்சான். பார்வை தானாகத் தண்ணீருக்குப் போய்விட்டது.

"மகள், எறாலப் பாருங்க! கெதியா!"

அவள் தண்ணீருக்குள் இறக்கியிருந்த தீன் தட்டைத் தூக்கினாள். அதற்குள் இறால்கள் துள்ளித் துள்ளி விழுந்தன.

"சொகமாத்தான் இரிக்கி, சாச்சா. நீங்க படத்த எடுங்க."

கம்பில் பருந்து இல்லை. அவள் எனக்காகக் கவலைப்பட்டாள். கவலை எதற்கு? ஒரு ஆட்டையே தூக்கிப் போகும் அளவுப் பருந்து என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். படம் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா?